சாம்பியன் ரீப்ஸுக்கு ஒரு நீலப் பெட்டி

ரயிலில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், என் மடியில் இருந்த நீலப் பெட்டிக்குள் மீன் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"இன்னா மீனு, வஞ்சிரமா?" என்று எதிரே இருந்த அம்மா கேட்டார்.

"மீன் இல்லீங்க. ஐஸ் மட்டுந்தான்."

"ஐஸ எதுக்குமா கேஜிஎஃப்புக்கு எடுத்துனு போற? எங்க ஊர்ல கெடைக்காதா?"

பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது அந்தப் பெட்டிக்குள் ஒரு மனிதரின் இரத்தம் இருக்கும் என்பதை அப்போது சொல்லத் தோன்றவில்லை.

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, கேஜிஎஃப் என்னும் கோலார் தங்கவயலுக்குத் திரும்புகிறவர்களின் மாலை ரயில் அது. விடியும் முன் கிளம்பி, இருட்டிய பின் வீடு சேர்கிறவர்கள் இவர்கள். அதனால் ரயிலையே வீட்டின் ஓர் அறையாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் கீரை ஆய்தல், ஜன்னல் ஓரமாக ஒரு பெண் கல்லூரிப் பாடம் படிக்கிறாள், மேல் தட்டில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த சித்ரான்னம் டப்பா மூடியில் என்னிடமும் வந்தது. எலுமிச்சைச் சோற்றில் இத்தனை வேர்க்கடலை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

"நீ எந்த ஊரும்மா?"

"இலங்கை. அட்டன் பக்கம். தேயிலைத் தோட்டம்."

"சிலோனா? பேச்சு எங்க ஊரு மாதிரியே இருக்குதே."

எங்கள் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள் என்றேன். சீட்டுக் கையோடு ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எங்க ஆளுங்களும் அங்கேர்ந்து வந்தவங்கதான். உங்க தாத்தா மலை மேல ஏறினாரு, எங்க தாத்தா கீழ எறங்கினாரு. அவ்ளோதான் வித்தியாசம்," என்று சொல்லிவிட்டு ஒரு சீட்டைப் போட்டார்.

நான் அட்டனுக்கு அருகே ஓர் அரசு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மூளையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல்களைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பழகுவதற்காக இந்த ஆண்டு தொடக்கத்தில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே நான் அதிகம் பார்த்தது குரங்குக் காய்ச்சல். கர்நாடகத்தின் மேற்குக் காடுகளில் வருவது. உண்ணி கடித்துப் பரவுகிறது. காட்டில் குரங்குகள் செத்து விழுந்தால் அங்கே உண்ணிகளிடம் நோய் இருக்கிறது என்று பொருள். கடித்த சில நாளில் கடும் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு. சிலருக்கு அது அடங்கி, ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை வரும். அப்போது மூளையைப் பிடிக்கும்: நடுக்கம், குழப்பம், வலிப்பு.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடத்துக்கு இரண்டு வழி உண்டு. ஆரம்ப நாட்களில் இரத்தத்தில் வைரஸே இருக்கும்; பிசிஆர் செய்து அதை நேரடியாகப் பிடிக்கலாம். நாளாக நாளாக வைரஸ் மறைந்து, உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் வரும். பிறகு அவற்றைத் தேட வேண்டும். முதல் சோதனையைத் தாமதமாகச் செய்தாலும், இரண்டாவதைச் சீக்கிரமாகச் செய்தாலும் 'இல்லை' என்றுதான் விடை வரும். ஆகவே எங்கள் வேலையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். காய்ச்சல் வந்து எத்தனை நாள்?

நான் பார்க்கப் போனவரைச் சேவியர் என்று அழைக்கிறேன். அவர் மனைவி செலின். இந்தக் கட்டுரையில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

சேவியர் சுரங்கப்பாதைகளில் பாறை துளைக்கும் வேலைக்காரர். தங்கச் சுரங்கம் மூடிய பிறகும் கேஜிஎஃப் ஆட்களை மலை குடையும் இடங்களுக்குத் தேடிக் கூப்பிடுகிறார்கள். மேற்குக் காட்டில் தண்ணீருக்காக ஒரு மலையைக் குடையும் வேலையில் இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வியாழக்கிழமை, கண் சிவந்து, கால் பின்னி, ஏதேதோ பிதற்றிக்கொண்டு வேலைக்கு வந்து நின்றார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேற்பார்வையாளர் முகாமைவிட்டே அனுப்பிவிட்டார். மறுநாள் கூட வேலை செய்தவர்கள் அவரை அந்த ஊர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே எடுத்த இரத்தம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. எதிர்ப்புப் புரதம் தேடினார்கள். இல்லை. குரங்குக் காய்ச்சல் அல்ல என்று அறிக்கை போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டாம் காய்ச்சல் வந்தது, வலிப்போடு. வேறொரு மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். குரங்குக் காய்ச்சல் இல்லை என்று ஏற்கெனவே அறிக்கை இருந்ததால் அங்கே யாரும் மறுபடி அதைச் சோதிக்கவில்லை. பின்னர் அங்கிருந்த மருத்துவர் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. இன்னொரு முறை இரத்தம் பாருங்கள் என்று எழுதினார். எங்கள் களப் பணியாளர்கள் எல்லோரும் மலைப் பக்கம் போயிருந்தார்கள். செலினோ நாங்கள் கூப்பிட்ட இரண்டு முறையும் போனை வைத்துவிட்டார். "நீ தமிழ், அவர்களும் தமிழ். போய்ப் பேசிப் பார்," என்றார் எங்கள் ஆய்வுகூடத் தலைவி மேடம். இரத்தம் எடுக்க எனக்கு இங்கே அனுமதி இல்லை. அங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ் எடுப்பார். நான் விவரம் கேட்டு எழுதி, இரத்தத்தைப் பொதிந்து கொண்டுவர வேண்டும்.

செலினின் பக்கத்து வீட்டுக்காரர் விமலா அக்கா இதே ரயிலில்தான் தினமும் போய்வருகிறார். அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் தங்க வைத்தவரும் அவர்தான். களியும் கீரைக் குழம்பும் கொடுத்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று தெரியாமல் நான் மென்று திணறியதை அவர் மகள் வெகு நேரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, தங்கவயலின் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸைப் பகலில் பார்த்தேன். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். நாங்கள் லயம் என்போம், இவர்கள் லைன் என்கிறார்கள். பழக்கதோஷத்தில் மனதுக்குள் பட்டியல் போட்டேன். எங்கள் வாசலில் தேயிலை, இங்கே தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சாம்பல் நிறச் சயனைடு மேடு. எங்கள் கூரையில் மழை, இங்கே தூசி. குழாயடியில் குடங்களின் வரிசை இரண்டு ஊருக்கும் பொது. தேநீர் மட்டும் ஒப்பிடவே முடியாது. நாங்கள் அத்தனை தேயிலை பறித்தும் பால் இல்லாத சாயத்தண்ணி குடிக்கிறோம், இவர்கள் பாலைக் காய்ச்சி அதற்குத் தேயிலையைக் காட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது.

செலின் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். நேராகவே பேசினார்.

"அவரு குடிக்கலன்னு மாதா மேல சத்தியம் பண்றாரு. கோயில்ல வாக்கு குடுத்து ரெண்டு வருஷமா வுட்டவருதான், இல்லன்னு சொல்லல. சூபர்வைசரு குடிச்சான்றான். உங்க பேப்பரு அந்தக் காய்ச்சல் இல்லன்றது. நான் யார நம்பறது? நீங்களே சொல்லுங்க."

இன்னொரு முறை பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

அப்போது சேவியர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். மெலிந்த மனிதர். பாக்கெட் அவர் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. செலின் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை முகத்துக்கு மிக அருகில் நின்றார். கை நடுங்குகிறவருக்குத் தண்ணீர் சிந்தாமல் இருக்க நிற்கிறார் என்று நினைத்தேன். அழகாக இருந்தது.

கிளினிக் பக்கத்துத் தெருவில்தான். நர்ஸ் ஊசியை எடுத்ததும் சேவியர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாறையில அவ்ளோ பெரிய கம்பிய ஏத்தறவரு, இத்துணூண்டு ஊசிக்குப் பயப்படறாரு பாருங்க," என்றார் செலின்.

"பாற கத்தாதுடி," என்றார் சேவியர் சுவரைப் பார்த்தபடியே.

இரத்தம் உறைந்து தெளியும் வரை குழாயை ஆடாமல் நிறுத்திவைக்க வேண்டும். அந்த நேரத்தில் என் கேள்விகளைக் கேட்டேன். முகாம் காட்டை ஒட்டி இருந்ததா? ஆமாம். விறகு பொறுக்கப் போவீர்களா? ஞாயிற்றுக்கிழமை மட்டன் சமைக்க இவர்தான் போவார். உண்ணி? "நாய் மேல இருக்கறதுதான. கால்ல ரெண்டு மூணு பிச்சுப் போட்டேன்." செத்த குரங்கு பார்த்தீர்களா? பார்த்தார். ஓடையோரம் ஒன்று கிடந்தது. அங்கே உள்ளவர்கள் "மங்கன காயிலெ", அதாவது குரங்கு நோய், என்று சொல்லி அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்களாம். "எங்களுக்கு அந்தக் கன்னடம் புரிஞ்சுது, விஷயம் புரியல."

"இரண்டாம் முறை காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"பத்து நாள்," என்றார் செலின்.

"முப்பது ஷிப்டு," என்றார் சேவியர் அதே நேரத்தில்.

செலின் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இவரு வாயில நாளுன்னே வராது. எங்க கல்யாணத்துக்கே இன்னும் இத்தன ஷிப்டு இருக்குதுன்னுதான் போன்ல சொல்வாரு."

"உள்ள போய்ட்டா பகலு ஏது ராத்திரி ஏது? எங்க கேங்கு மொத்தமும் அப்டிதான். ஒரு நாளைக்கு மூணு ஷிப்டு, அத எண்ணிக்க வேண்டியதுதான்," என்றார் அவர்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். முதல் இரத்தம் எங்களிடம் வந்தபோது அதோடு வந்த விவரம் எனக்கு மனப்பாடம். காய்ச்சல்: பதினைந்து நாள். பதினைந்தாம் நாள் என்பதால்தான் எங்கள் ஆய்வுகூடம் வைரஸைத் தேடவில்லை. பதினைந்தாம் நாளிலும் எதிர்ப்புப் புரதம் வரவில்லை என்பதால்தான், நோயே இல்லை என்று முடிவு செய்தது.

"அந்த மலையூர் ஆஸ்பத்திரியில காய்ச்சல் எத்தனை நாள்னு கேட்டப்ப, என்ன சொன்னீங்க?"

"கன்னடத்துல ஹதினைதுன்னு சொன்னேன். பதினஞ்சு."

"பதினஞ்சு நாளா, ஷிப்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செலினைப் பார்த்தார். "ஷிப்டுதான். நாளுன்னுதான் கேட்டிருப்பாங்க. தல வெடிக்குது, நான் ஷிப்டு எண்ணினு இருந்தேன்."

பதினைந்து ஷிப்டு என்றால் ஐந்து நாள். ஆனால் காய்ச்சலில் கிடந்தவரின் கணக்கை மட்டும் நம்ப முடியாது. காய்ச்சல் தொடங்கிய நாள் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். செலின் யோசிக்கவே இல்லை. "நம்ம கோயில் கொடியேத்தம். ஞாயித்துக்கெழம சாயந்தரம். மணி சத்தம் கேக்கணும்னு போனத் தூக்கிப் புடிச்சேன். மதியத்துலேர்ந்து குளுருது, போத்திக்கினு படுத்துட்டேன்னாரு. அதுக்கு முன்ன நாள் கூட நல்லாத்தான் பேசினாரு."

ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய காய்ச்சல். வெள்ளிக்கிழமை எடுத்த இரத்தம். எதிர்ப்புப் புரதம் உண்டாவதற்குப் போதிய நாளே ஆகவில்லை. வைரஸைத் தேடியிருக்க வேண்டிய இரத்தம் அது. அந்த இரத்தத்தில் மீதி இன்னும் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது.

நான் அதைச் சொன்னேன். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. இன்னொரு சோதனை செய்ய வழி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சேவியர் தலையாட்டினார். செலின் எழுந்து போய்க் கிளினிக் வாசலில் நின்றுகொண்டார்.

பெங்களூர் ரயிலைப் பிடிக்கப் பங்காருபேட்டைக்குப் பேருந்து ஏற்றிவிட வந்த விமலா அக்காவிடம், செலின் டம்ளரோடு அருகில் நின்றதைச் சொன்னேன். கணவர் மீது எத்தனை அக்கறை என்றேன்.

"கை நடுங்கறதுக்கு இல்லம்மா," என்றார் அவர். "வாசன பாக்கறா. வெளிய போய்ட்டு வந்தா தெனம் அப்டிதான். அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் மெதுவா குடிக்கறாரு."

அந்தப் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் இறங்கி நிற்க, ஒரு காய்கறி வண்டிக்காரர் என்னையும் இரண்டு பெண்களையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். பங்காருபேட்டையில் ரயிலுக்கு நேரம் இருந்தது. இங்கே பானிபூரித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் என்று ரயிலில் சொல்லியிருந்தார்கள். பெட்டியை இரண்டு காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒரு தட்டு வாங்கினேன். சாதாரணத் தண்ணீர் போல இருந்ததை நம்பி விழுங்கியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைக்காரர் கேட்காமலே ஒரு வெறும் பூரியை நீட்டினார்.

பயங்கரம் அதற்குப் பிறகுதான். ரயில் வந்து நிற்கும் முன்பே எல்லோரும் பைகளையும் கைக்குட்டைகளையும் ஜன்னல் வழியாக இருக்கைகளில் போடத் தொடங்கினார்கள். பை கிடந்தால் இடம் பிடித்ததாக அர்த்தமாம். என் பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் நான் திணறுவதைப் பார்த்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, ஜன்னலுக்குள் தள்ளிவிட்டார்.

"சீட் போட்டாச்சு சிஸ்டர், நிதானமா ஏறுங்க."

நான் நிதானமாக ஏறவில்லை. உள்ளே பெட்டி ஜன்னலோர இருக்கையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. திறந்து பார்த்தேன். குழாய் தன் உறைக்குள் அப்படியே இருந்தது. உறைந்த இரத்தம் கலங்கவில்லை. அந்த இளைஞரிடம் நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன், மூன்று பேர் நின்றுகொண்டு வந்தார்கள், நான் உட்கார்ந்து வந்தேன்.

அன்று மாலை மேடம் எனக்காக ஆய்வுகூடத்தில் காத்திருந்தார். ஷிப்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. "இனிமேல் எத்தனை நாள் என்று கேட்கவேண்டாம். எந்தக் கிழமை தொடங்கியது என்று கேட்போம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். திங்கட்கிழமை காலை உறைபெட்டியைத் திறந்து பழைய குழாயை அவரே எடுத்தார்.

பிசிஆர் ஓடும்போது திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கும். வைரஸ் இல்லாவிட்டால் கடைசி வரை அப்படியே படுத்திருக்கும். நானும் மேடமும் நின்றுகொண்டே பார்த்தோம். பாதியில் அது மேலே திரும்பி ஏறத் தொடங்கியது. ஒருமுறை நம்பாமல் இன்னொரு முறையும் செய்தோம். மறுபடியும் ஏறியது. நான் கொண்டுவந்த புதிய இரத்தத்தில் எதிர்ப்புப் புரதமும் நிறைய இருந்தது. இரண்டு குழாய்களும் ஒரே கதையைச் சொன்னன. அன்றே முகாம் இருந்த பகுதியின் சுகாதார அலுவலருக்கும் தகவல் போயிற்று.

ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு மீண்டும் சாம்பியன் ரீப்ஸுக்குப் போனேன். மருத்துவர் முடிவைப் போனில் சேவியரிடம் சொல்லிவிட்டாராம். செலின்தான், "பேப்பரு வரட்டும்," என்று சொல்லிவிட்டாராம்.

நான் போனபோது சேவியர் வெளியே போயிருந்தார். தாளை செலினிடம் கொடுத்து, எந்த வரியில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"இது அந்த வெள்ளிக்கெழம ரத்தமா?"

"ஆமாங்க."

"அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப வியாழக்கெழம?"

அவரை முகாமிலிருந்து அனுப்பிய நாள். நான் சரியாகச் சொல்ல விரும்பினேன். "வியாழக்கிழமையும் இந்தக் காய்ச்சல் இருந்திருக்கு. குடிச்சாரா இல்லையான்னு இந்தத் தாள் சொல்லாதுங்க. ஆனா கண்ணு சிவக்கிறது, கால் தடுமாறுறது, பிதற்றுறது, எல்லாத்துக்கும் இந்தக் காய்ச்சலே போதும். வேறெதுவும் வேணாம்."

செலின் தாளை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு எனக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியாது என்று அடுப்பைப் பற்றவைத்தார்.

எனக்கு நன்றி சொல்ல ஆட்கள் அதிகம்: சந்தேகத்தை விடாத மருத்துவர், தவறைத் தவறு என்று ஏற்ற மேடம், விமலா அக்கா, காய்கறி வண்டிக்காரர், எனக்கு இடம் பிடித்த இளைஞர், போனைத் தூக்கிப் பிடித்து மணிச் சத்தம் கேட்கச் செய்த செலின். சேவியரின் வேலை திரும்பக் கிடைக்குமா என்று அன்று வரை பதில் வரவில்லை. நடுக்கம் குறைய மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மட்டன் பொட்டலத்தோடு சேவியர் உள்ளே வந்தார். செலின் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் அருகே இருந்த முக்காலியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். சேவியர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்கவில்லை.

"இன்னா செலின், இன்னிக்கு மோந்து பாக்கலியா?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"அதான் லேபுல மோந்து பாத்துட்டாங்களே," என்றார் செலின். "தண்ணியக் குடிச்சிட்டு வந்து வெங்காயத்த உரிங்க. அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாவுது."

சேவியர் இரண்டு கையாலும் டம்ளரை எடுத்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. ஒரே மூச்சில் குடித்தார்.